டர்போவா, ரிங்கா, பிரீதரா? பழைய டீசல் காரின் நீலப் புகை குறித்த ஓர் ஒப்பீடு

பழைய டீசல் காரின் சைலன்சரில் நீலப் புகையைக் கண்டவுடன் ஒரு பட்டறையில் “டர்போ போயிடுச்சு” என்பார்கள். டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தரும் பாகம். அடுத்த பட்டறைக்குப் போனால் அதே கார் “ரிங் வேலை”, அதாவது பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களை மாற்றும் வேலை, ஆகிவிடும். மூன்றாவது இடத்தில், கெட்டியான ஆயிலை ஊற்றி ஓட்டினால் போதும் என்று அனுப்பிவைப்பார்கள். 1,30,000 கி.மீ. ஓடிய 2013-ஆம் ஆண்டுக் கார் ஒன்றை வாங்கிய எனக்கு இந்த மூன்று தீர்ப்புகளும் ஒரே வாரத்தில் கிடைத்தன. மூன்றுமே தவறு என்று தெரியவர மேலும் ஒரு மாதம் ஆயிற்று. நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். புகை வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. அந்த ஆயில் எந்த வழியாகத் தீயைச் சென்றடைகிறது என்பதைப் பிரித்தறிவதுதான் கடினம். அந்த வழிகளைத்தான் இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டாக 1.3 லிட்டர் மல்டிஜெட் என்ஜினை வைத்துக்கொள்ளலாம். 2007-இல் ஸ்விஃப்ட்டில் வந்து, பின்னர் டிசையர், ரிட்ஸ், விஸ்டா, புன்டோ எனப் பல கார்களில் குடியேறிய இந்த 1248 சிசி என்ஜின், பிஎஸ்6 என்ற புகை மாசு விதி நடைமுறைக்கு வந்த 2020 வரை மாருதியில் இருந்தது. ஆகவே நம் பழைய கார்ச் சந்தையில் டீசல் தேடுபவர் இதைச் சந்திக்காமல் இருப்பது அரிது. இதன் அடித்தொட்டி கொள்ளும் ஆயில் ஏறத்தாழ 3 லிட்டர்தான். 1,000 கி.மீ.க்கு 700 மி.லி. குடிக்கும் இத்தகைய காரை, அடுத்த சர்வீஸ் 10,000 கி.மீ.யில்தானே என்று மூடியைத் திறக்காமல் ஓட்டினால், 4,300 கி.மீ.க்குள் தொட்டி வற்றிவிடும் என்பது கணக்கு. உண்மையில் அதற்கு வெகு முன்பே ஆயில் அழுத்தம் குறைந்து, அந்த அழுத்தத்தையே நம்பி இறுக்கமாக நிற்கும் டைமிங் செயின் தளர்ந்து சத்தமிடத் தொடங்கியிருக்கும்.

நிறத்தைக் கண்ணால் மட்டும் நம்பக் கூடாது. நல்ல வெயிலில் நீலமும் வெள்ளையும் ஒன்றுபோலவே தெரியும். நான் செய்வது வேறு: சைலன்சர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை ஒரு நிமிடம் பிடித்து, யாரையாவது மிதமாக ரேஸ் கொடுக்கச் சொல்வேன். உலர்ந்த கரி படிந்தால் அது கறுப்புப் புகையின் வேலை. மஞ்சள் கலந்த பிசுபிசுப்பான புள்ளிகள் விழுந்தால் ஆயில் எரிகிறது. துணி வெறுமனே ஈரமாகி, டீசல் நெடி கண்ணைக் கரிக்குமானால் எரியாத டீசல் வெளியேறுகிறது.

இனி டர்போவையும் ரிங்கையும் எதிரெதிரே நிறுத்துவோம். ரிங்கோ, பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவரான போரோ தேய்ந்த என்ஜினில் புகை சுமையோடு சேர்ந்து ஏறும். மேட்டில் நாலு பேரோடு ஏறும்போது அதிகமாகவும், சமவெளியில் குறைவாகவும், ஆனால் பெரும்பாலும் எப்போதும் சிறிதளவு இருந்துகொண்டும் இருக்கும். காலையில் என்ஜின் பிடிக்கத் தாமதமாகும், இழுவையும் குறைந்திருக்கும். டர்போவின் சீல் கசியும் காரோ சிக்னலில் மூன்று நிமிடம் ஐட்லிங்கில் நின்றுவிட்டு, பச்சை விழுந்து ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்தில் பின்னால் நிற்பவர் முகத்தில் ஒரு பெரிய மேகத்தை விட்டுவிட்டுப் போகும். அதற்குப் பிறகு ஓரளவு தெளிந்துவிடும். நின்றிருந்த நேரத்தில் ஊறிச் சேர்ந்த ஆயில்தான் அப்போது ஒரே மூச்சில் எரிகிறது. டர்போ கெட்டிருந்தால் சீழ்க்கை ஒலி சைரன்போல உயர்வதும் உண்டு.

இந்த வேறுபாடுகள் சந்தேகத்தை ஒருபக்கம் சாய்க்கும். தீர்ப்புச் சொல்லப் போதாது. தீர்ப்புக்குக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். டர்போவுக்கும், சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் புகையைக் கொண்டுசெல்லும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு உலர்ந்திருந்து, டர்போவைக் கடந்த குழாய் மட்டும் ஆயிலில் நனைந்திருந்தால் கசிவு டர்போவின் சூடான பக்கத்தில் இருக்கிறது. மேனிஃபோல்டே நனைந்திருந்தால் ஆயில் சிலிண்டரிலிருந்து வருகிறது. டர்போ அந்தக் குற்றத்தில் வெறும் வழிப்போக்கன். காற்றுப் பக்கத்துக்கு, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்ற வேண்டும். உள்ளே மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பு. அதைத் தடவிக் காட்டி டர்போவை விற்பவர்கள் இருக்கிறார்கள். ஹோஸைச் சாய்த்தால் வழிந்து கொட்டும் அளவுக்கு இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் கவலை செலவைப் பற்றியது மட்டுமல்ல: தேங்கிய ஆயிலை என்ஜின் எரிபொருளாக இழுத்துக்கொண்டால், சாவியை அணைத்த பின்னும் அது நிற்காமல் வேகமெடுத்து ஓடும். உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்துக் கிளட்சை விட்டு அமுக்கி நிறுத்துவதுதான் அப்போது கையிலிருக்கும் வழி. டர்போவின் தண்டை, என்ஜின் ஆறியிருக்கும்போது விரலால் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். முன்பின்னாக நகர்ந்தாலோ, இறக்கைகள் கூட்டில் உரசிய தடம் தெரிந்தாலோ டர்போவின் ஆயுள் முடிந்தது.

ரிங்குக்கான சோதனை கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் சேரும் காற்றழுத்தம், பார்ப்பது. குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் மானியைப் பொருத்துவார்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கின்றனவா என்பதே எனக்கு முக்கியம். ஒன்று மட்டும் பத்து, பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் பின்தங்கினால் அங்கே ஏதோ இருக்கிறது. பழைய என்ஜினில் ஹீட்டர் பிளக் கழற்றும்போது முறிந்து ஹெட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்வது உண்டு என்பதால், விற்பவர் இந்தச் சோதனைக்குத் தயங்கினால் அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது.

எளிய சோதனையாக ஆயில் மூடியைத் திறந்து “பேக் கம்ப்ரஷன்” பார்ப்பார்கள். ஐட்லிங்கில் மூடியைத் தலைகீழாகத் துளைமேல் வைத்தால் அது லேசாக நடுங்கலாம். தூக்கி எறியப்பட்டாலோ, நீராவி எஞ்சின்போலப் புகை குபுகுபுவென வந்தாலோ ரிங் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது என்று முடிவுகட்டிவிடுவார்கள். நான் ஏமாந்தது இங்கேதான். அடித்தொட்டியில் அழுத்தம் சேர ரிங் தேய்மானம் மட்டுமே காரணமில்லை. மிகத் தேய்ந்த டர்போவும் தன் ஆயில் திரும்பும் குழாய் வழியாகக் காற்றைக் கீழே தள்ளும். எல்லா என்ஜினிலும் இயல்பாகச் சேரும் காற்று வெளியேற வேண்டிய பிரீதர் அடைத்துக்கொண்டாலும் இதே அறிகுறிதான்.

பிரீதர் அடைத்தால் நடப்பது நுட்பமானது. டர்போவுக்கு ஆயில் அழுத்தத்தோடு போகிறது. ஆனால் திரும்பி வருவது தன் எடையால் மட்டுமே. கீழே தொட்டியில் அழுத்தம் நிறைந்திருந்தால் அந்த ஆயிலுக்கு இறங்க வழியில்லை. தேங்கி, நல்ல சீலையும் தாண்டிப் பிதுங்கும். அப்போது டர்போவைக் கழற்றிப் பார்ப்பவர் அது ஆயிலில் குளித்திருப்பதைக் காண்பார், மாற்றச் சொல்வார், புது டர்போவும் இரண்டே மாதத்தில் குளிக்கும். என் காரில் தண்டு ஆடவில்லை, கம்ப்ரஷன் சமமாக இருந்தது, மேனிஃபோல்டு உலர்ந்திருந்தது. முந்தைய உரிமையாளர் ஆயில் மாற்றாமல் ஓட்டியதில் பிரீதர் குழாயின் உள்ளே புளிக்கரைசல் காய்ந்ததுபோல ஒரு கசடு. சைக்கிள் கம்பிகூட நுழையவில்லை. சுத்தம் செய்து, ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பின் 1,000 கி.மீ.க்கு 700 மி.லி.யாக இருந்த குடி 150 மி.லி.க்கு இறங்கியது. அறவே நிற்கவில்லை, ஆனால் அந்த வயதுக்கு அது போதும்.

வால்வின் தண்டு வழியாக ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இரவெல்லாம் நின்ற கார் காலையில் ஒரு குப்பென்று நீலமாக விட்டுவிட்டு ஒரு நிமிடத்தில் தெளிந்தால் அதுவாக இருக்கலாம். உள்ளிழுக்கும் குழாயில் பெட்ரோல் என்ஜினில் உருவாகும் அளவு வெற்றிடம் டீசலில் இல்லாததால், பெரிய ஆயில் செலவுக்கு இது தனியாகக் காரணமாவது குறைவு.

மற்ற நிறங்களில், கறுப்புப் புகைக்கு ஏர் ஃபில்டர், கிழிந்த இன்டர்கூலர் ஹோஸ், புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும், ஆனால் திறந்தபடி சிக்கிய இஜிஆர் வால்வ், ஒழுகும் இன்ஜெக்டர் என்ற வரிசையில், மலிவானதிலிருந்து தேடலாம். வெள்ளைப் புகை அப்படியல்ல. குளிர்ந்த காலையில் மட்டும் வந்து மறைந்தால் ஹீட்டர் பிளக்கோ இன்ஜெக்டரோ காரணமாகலாம். சூடான பின்னும் தொடர்ந்து, கூலன்ட் மட்டமும் இறங்கி, ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகினால் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

இனிப் பழுதுபார்க்கும் வழிகள். கெட்டியான ஆயில் என்பது விற்பனைக்கு முந்தைய வாரத்தின் மருந்து. சில நூறு கி.மீ. புகையை அடக்கும், பதிலுக்குக் காலை ஸ்டார்ட்டில் டர்போவுக்கும் செயின் இறுக்கிக்கும் ஆயில் தாமதமாகப் போய்ச் சேரும். டர்போவில் தண்டும் இறக்கைகளும் அடங்கிய காட்ரிட்ஜை மட்டும் மாற்றுவது முழு டர்போவைவிட மலிவு. கூடு கீறப்படாமல் இருந்தால் அதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆயில் செல்லும் குழாயையும் உடன் மாற்றாவிட்டால் அந்தச் செலவு வீண். ரிங் மாற்றுவதாக இருந்தால் போரை அளக்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது, ஏனெனில் முட்டை வடிவமாகத் தேய்ந்த போரில் புது ரிங்கும் உட்காராது. பழைய என்ஜின் ஒன்றை வாங்கி மாட்டுவது விரைவான வழிதான், ஆனால் அதன் கடந்த காலம் யாருக்கும் தெரியாது. என்ஜின் எண்ணையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்சியில் மாற்றி எழுத வேண்டும்.

வாங்கும் முன் பார்ப்பவராக இருந்தால், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டு, போனதும் பானட்டைத் தொட்டுப் பார்ப்பேன். பிரீதரோ டர்போவோ கெட்ட காரை அந்த வேலைக்கான தொகையைக் கழித்து வாங்கலாம். ரிங் தேய்ந்த காருக்கு மிகப் பெரிய தள்ளுபடி வேண்டும். ஆனால் டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஏறியிருந்து, விரலில் தேய்த்தால் தண்ணீராக வழுக்கி டீசல் நெடி அடிக்கும் கார் ஒன்று இருக்கிறது. புகையே இல்லாமலும் அது நிற்கும். டீசல் கலந்து நீர்த்துப்போன அந்த ஆயிலில் எத்தனை ஆயிரம் கி.மீ. பேரிங்குகள் ஓடின என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது என்பதால், விலை என்னவாக இருந்தாலும் அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.