சுங்கை சிப்புட் கடைகளில் பிரஷர் மெஷின்: கர்ப்பிணிக்கு எது ஆகும்?

சுங்கை சிப்புட் டவுன் ஃபார்மசிகளில் இரண்டு வகை கிடைக்கிறது: மணிக்கட்டில் கட்டுவது, மேற்கையில் கட்டுவது. தோட்டத்து வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மணிக்கட்டு வகை வேண்டவே வேண்டாம். கை நெஞ்சு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே போனாலும் எண் ஏறிவிடும், மேலே போனால் இறங்கிவிடும். மேற்கை மெஷினே நம்பகமானது, அதுவும் எல்லா மாடலும் அல்ல.

இந்த மெஷின்கள் கையில் சுற்றும் பட்டைக்குள் உணரும் துடிப்பை வைத்துக் கணக்குப் போடுகின்றன. கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைத் தாக்கும் பிரீ-எக்லாம்ப்சியா நோயில் அந்தக் கணக்கு தப்பி, உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் மாடல்கள் உண்டு. நோயின் வேர் நச்சுக்கொடியில் இருக்கிறது. அதன் செல்கள் கருப்பையின் சுருள் தமனிகளுக்குள் புகுந்து அவற்றை அகலமாக்க வேண்டும். அந்த வேலை அரைகுறையாக நின்றால், இரத்தம் போதாத நச்சுக்கொடி எஸ்ஃபிளிட்-1 என்ற புரதத்தைத் தாயின் இரத்தத்தில் மிகுதியாக விடுகிறது. இரத்தக்குழாய்ச் சுவரைப் பேணும் வளர்ச்சிப் புரதங்களை அது முடக்குகிறது. குழாய்கள் இறுகும், நீர் கசியும், சிறுநீரில் புரதம் போகும். அதனால் கர்ப்பிணிகளிடம் மட்டுமல்ல, பிரீ-எக்லாம்ப்சியா உள்ளவர்களிடமும் சோதித்துத் தேறிய மாடலா என்று கேட்டு வாங்குங்கள். மைக்ரோலைஃபில் அப்படித் தேறியவை உண்டு.

அடுத்தது பட்டை. கையின் நடுச் சுற்றளவை டேப்பால் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்குத்தான். பருத்த கைக்கு அதைக் கட்டினால் எண் பொய்யாக ஏறும். பெரிய பட்டையைத் தனியாகக் கேளுங்கள். வாங்கியதும் கிளினிக்குக்கு எடுத்துப்போய், மிஸ்ஸி (நர்ஸ்) பார்க்கும் அதே கையில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் தரையில் பட 5 நிமிடம் உட்கார வேண்டும். பேச்சு கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டையும் கிளினிக்கில் தரும் இளஞ்சிவப்புக் கர்ப்பப் புத்தகத்தோடு வைக்கும் தாளில் எழுதுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து வலக்கையில் பார்த்தால் எண் குறைந்து ஏமாற்றும்.

சிறுநீரில் புரதம் பார்க்கும் சோதனைத் துண்டும் விற்கிறார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மூடி திறந்திருந்தால் அது வீண். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்த நாளில் சிறுநீர் அடர்ந்து, புரதம் 1+ என்று பொய்யாகக் காட்டலாம். நிறைய தண்ணீர் குடித்திருந்தால் இருக்கும் புரதமே மறைந்துவிடலாம். கூடுதல் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், முடிவுக்கு அல்ல.

20 வாரத்துக்குப் பிறகு 140/90 வந்தால் அன்றே கிளினிக். 160/110 என்றால் நேரே மருத்துவமனை. ஓயாத தலைவலி, கண் மங்கல், வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி இருந்தால் மெஷின் 120/80 காட்டினாலும் கிளம்புங்கள்.

மெஷின் எதையும் குணப்படுத்தாது. லாபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோப்பா பிரஷரை இறக்கும். மெக்னீசியம் சல்ஃபேட் வலிப்பைத் தடுக்கும். நோய் தணிவது நச்சுக்கொடி வெளியேறிய பிறகுதான். இந்த நோய் வரும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் பலன் தந்ததை 2017இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வு காட்டியது. அதை டாக்டர் எழுதித் தரவேண்டும், கடையில் தானாக வாங்கக் கூடாது.

பிள்ளை பிறந்ததும் மெஷினைக் கட்டி வைத்துவிடாதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பிரஷர் மறுபடி ஏறும் காலம். பத்தியச் சாப்பாட்டோடு காலையும் மாலையும் இதையும் பாருங்கள்.