கிளப்பின் முதல் கார் ரேலி: தீவுக்குள்ளேயா, ஜொகூர் பக்கமா?

கிளப் வாட்ஸ்அப் குழுவில் "ஒரு ரேலி போடலாமா?" என்று யாராவது கேட்டால் போதும், அரை மணி நேரத்தில் மூன்று கட்சி பிரிந்துவிடும். மலேசியாவுக்குள் போய் ஜொகூர் மாநிலத்தின் மூவார் வரை ஓட்டிவிட்டு வரலாம் என்று ஒரு கட்சி. சிங்கப்பூர்த் தீவுக்குள்ளேயே புதிர்த் தாள் கொடுத்துத் தேடவிடலாம் என்று ஒரு கட்சி. காலி கார் நிறுத்துமிடத்தில் கூம்புகளை அடுக்கி, அவற்றுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டும் ஜிம்கானா வைக்கலாம் என்று இளவட்டங்கள். மூன்றையும் நடத்திய குழுக்களில் நான் வேலை பார்த்திருக்கிறேன். என் ஓட்டு நான்காவதற்கு: தீவுக்குள், கடிகாரத்தை வைத்து, குறித்த நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும்படி ஓட்டும் ரேலி. ஏன் என்று சொல்கிறேன்.

ஜிம்கானாவை முதலிலேயே தள்ளிவைக்கிறேன். இடத்துக்காரர் சம்மதிக்க வேண்டும், தடுப்பு வைக்க வேண்டும், நம்முடைய சாதாரண கார் காப்பீடு பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொதுவாகச் செல்லாது. அதெல்லாம் சமாளித்தாலும் ஒரு நேரத்தில் ஒரே கார்தான் ஓடும், குடும்பத்தோடு வந்தவர்கள் வெயிலில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

ஜொகூர் அப்படியில்லை, அதன் இழுப்பு எனக்கும் புரிகிறது. மாச்சாப் ஓய்விடத்தில் தே தாரே குடித்துவிட்டு, ஆயர் ஹீத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பத்து பகாட் வழியாக மூவார் போகும் பழைய சாலையில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டும் சுகம், கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர் மட்டுமே இருக்கும் நம் தீவில் கிடைக்காது. ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று பாருங்கள். எல்லாருக்கும் கடப்பிதழ். ஒவ்வொரு காருக்கும் விஇபி எனும் வெளிநாட்டு வாகன நுழைவு அனுமதிப் பதிவு; 2025 ஜூலை 1 முதல் அது இல்லாமல் போனால் 300 ரிங்கிட் அபராதம். டோலுக்கு டச் அண்ட் கோ அட்டையில் பணம். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல். அந்தப் பக்கம் நம் கார்களுக்கு ரான் 95 ரகப் பெட்ரோல் போடக்கூடாது, 97தான்.

இதையெல்லாம் பட்டியல் போட்டு அனுப்பியும், நாங்கள் நடத்தியபோது ஒரு காரில் பெட்ரோல் முள் முக்காலுக்குக் கீழே இருந்ததால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியிலேயே திரும்ப வேண்டியதாகிவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளைகள் காலை நான்கரைக்கே எழுந்து குளித்துக் கிளம்பியவர்கள், எனக்கு அது இன்னும் மனதை உறுத்துகிறது. பதினாறு கார்களும் ஒன்றாகத்தான் புறப்பட்டோம், சோதனைச்சாவடியில் வரிசை வரிசையாகப் பிரிந்து, முதல் கார் மாச்சாப்பில் கடைசிக் காருக்காக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் போட்டி மனநிலையே இல்லை. நல்ல சுற்றுலாவாக முடிந்தது, ரேலியாக அல்ல.

சரி, தீவுக்குள் புதிர் வேட்டை? சின்னப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பழைய அப்பர் தாம்சன் சாலை மாதிரி ஓரிடத்தை விடையாக வைக்கலாம். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி பந்தயம் ஓடிய சாலை, நம் பெரியவர்கள் சிலர் மேட்டில் நின்று பார்த்த கதையை இன்றும் சொல்வார்கள். சிக்கல் எங்கே என்றால், முதலில் முடிப்பவருக்குப் பரிசு என்று வைத்த அந்த நிமிஷமே எல்லாரும் விரட்ட ஆரம்பிப்பார்கள். நாங்கள் வைத்த ஒரு வேட்டையில் புரோட்டாக் கடைப் பலகையில் இருந்த ஓர் எண்ணைக் குறித்துவரச் சொல்லியிருந்தோம். ஐந்து கார்கள் நிறுத்தக்கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் நின்றன, பின்னால் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பொதுச் சாலையில் வேகப் போட்டி நடத்துவது குற்றம், காரே பறிமுதலாகலாம். அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட ஒரு கிளப் போகக்கூடாது.

கடிகார ரேலி இந்த வேகப் பேயைத் தலைகீழாக்கிவிடுகிறது. முந்தி வந்தால் தண்டனை. எங்கள் கணக்கில் ஒரு நிமிஷம் தாமதமானால் ஒரு புள்ளி போகும், ஒரு நிமிஷம் முந்தினால் இரண்டு போகும். வழித்தாளில் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சின்னக் கோட்டுப்படம் இருக்கும். கீழே கறுப்புப் புள்ளி நீங்கள் வரும் இடம், அம்புக்குறி நீங்கள் போக வேண்டிய திசை, ஓரத்தில் அதுவரை ஓடிய தூரம், அவ்வளவுதான். துலிப் படம் என்று பெயர். அடுத்த கட்டம் 6.3 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 27 என்று போட்டிருந்தால் சரியாக 14 நிமிஷத்தில் அங்கே இருக்க வேண்டும். சிவப்பு விளக்கில் இரண்டு நிமிஷம் போச்சு, மீதியை எங்கே பிடிப்பது என்று பக்கத்து இருக்கையில் இருப்பவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார். போன முறை ஜெயித்த காரில் அட்டையும் பென்சிலுமாக வழி சொன்னது ஆறாம் வகுப்புப் பெண். அப்பா 50ஐத் தாண்டவே இல்லை, "மெதுவாப் போங்கப்பா, நாம சீக்கிரம் வந்துட்டோம்" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாளாம். காரில் இருக்கும் அத்தனை பேருக்கும் வேலை கொடுக்கிற ரேலி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

செலவும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் ஈஆர்பி எனும் மின்னியல் சாலைக் கட்டணம் கிடையாது, சிவப்புப் பலகை வைத்த வார இறுதிக் கார்களும் வரலாம், பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடங்களில் கட்டணமும் இல்லை. கிராஞ்சி, நியோ தியூ, லிம் சூ காங் பக்கம் சிக்னல் விளக்குகள் குறைவு என்பதால் கணக்கு ஒழுங்காக வரும். ஆனால் மார்ச் கடைசி, ஏப்ரல் மாதங்களில் அந்தப் பக்கம் வேண்டாம். சீனர்கள் முன்னோர் கல்லறைகளுக்குப் போகும் சிங் மிங் சமயத்தில் சுவா சூ காங் கல்லறைச் சாலைகள் நிரம்பி வழியும். காப்பீட்டில் மட்டும் அசட்டை கூடாது. வேகம் இல்லாவிட்டாலும் நேரம் பார்க்கும் போட்டி என்பதால், காப்பீடு செல்லுமா என்று ஒவ்வொருவரும் தங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.

ஜொகூரை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் கடிகாரத்தை மாச்சாப்பில்தான் தொடங்க வேண்டும். இந்த வருஷத்துக்கு, காலை ஏழு மணிக்கு முதல் காரை விட்டு, இரண்டு நிமிஷத்துக்கு ஒன்றாக மற்றவற்றை அனுப்புங்கள், இருபது கார் என்றால் ஏழே முக்காலுக்குள் எல்லாம் கிளம்பிவிடும். அப்புறம் வழியை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள், இரண்டாவது முறை முந்தின ஞாயிறு அதே நேரத்தில். நான் ஒருமுறை மூன்று வாரம் முன்பே பார்த்துவிட்டு விட்டுவிட்டேன், ரேலி அன்று ஏழாவது படத்தில் இருந்த வலது திருப்பத்தில் சாலை வேலைக்காகத் தடுப்பு நின்றது.