கோர்சேர் சிஎக்ஸ்550 எஸ்எம்பிஎஸ்: பத்து வருடக் கணினிக்கு இது போதும்

என் கணினி 2014-இல் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்தது. ஐ5 4570 பிராசஸர், எச்81 மதர்போர்டு, கேபினெட்டோடு சேர்ந்தே வந்த 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி). இத்தனை வருடமும் ஒரு தொந்தரவு கிடையாது. போன மாதம் நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டைக் கொடுத்தார். அதற்கு என்விடியா பரிந்துரைப்பது 450 வாட்ஸ், நம்மிடமும் அதே 450, அப்புறம் என்ன என்று மாட்டிவிட்டேன். படம் பார்க்கிற வரைக்கும் சுகம்தான். கேம் திறந்து பத்து நிமிடம் ஆனால் போதும், பட்டென்று அணைந்து தானே மறுபடி பூட் ஆகும். நீலத்திரையும் இல்லை, எரர் மெசேஜும் இல்லை.

முதலில் கார்டைச் சந்தேகப்பட்டேன், பிறகு ரேமைக் கழற்றித் துடைத்தேன், விண்டோஸைக்கூட மறுபடி போட்டேன், இரண்டு நாள் வீண். கடைசியில்தான் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படிக்கத் தோன்றியது. 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கினால் 192 வாட்ஸ், அவ்வளவுதான்! இன்றைய பிராசஸரும் கார்டும் ஏறக்குறைய எல்லா மின்சாரத்தையும் 12 வோல்ட்டிலிருந்துதான் இழுக்கின்றன. கார்டுக்கு 125, பிராசஸருக்கு 84, இரண்டுமே 209 ஆகிவிடுகிறது. முன்னால் பெரிய எழுத்தில் இருந்த 450 எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பழையதில் கார்டுக்கான 8 பின் வயரே கிடையாது, கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி ஒப்பேற்றியிருந்தேன். அந்த இடத்திலேயே உறைத்திருக்க வேண்டும். அதிலும் சாட்டா பவரிலிருந்து எடுக்கும் கன்வெர்ட்டர் பக்கமே போகாதீர்கள்: சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்ஸ், கார்டின் 8 பின்னோ 150 வரை கேட்கலாம். வயர் உருகலாம்.

சரி, மறுபடி ரிச்சி தெரு. கடைக்காரர் "ஃபியூச்சருக்கு வேணும் சார், 750 எடுத்துக்கோங்க" என்றார். என் கணக்கு வேறு. மேலே சொன்ன 209-உடன் போர்டு, ரேம், இரண்டு டிஸ்க், ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வைத்தாலும் 260 தாண்டாது. 550-இல் அது பாதி. நாளைக்கு ஆர்டிஎக்ஸ் 3060 போட்டால்கூட அதற்கு என்விடியா சொல்வது 550-தான். இந்தப் பிராசஸரோடு அதற்கு மேல் கார்டு போட்டு என்ன பிரயோஜனம்? கிட்டத்தட்ட ஐந்தாயிரத்துக்கு சிஎக்ஸ்550 வாங்கினேன்.

கையில் எடுத்ததுமே எடை தெரிந்தது, பழையது இதன் முன் காலி டப்பா. 12 வோல்ட்டில் மட்டும் 40 ஆம்பியருக்கு மேல் தருகிறது, கார்டுக்கு 6+2 பின் முனைகள் (சேர்த்தால் 8) நேரடியாகவே வருகின்றன, மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) சான்று, ஐந்து வருட வாரண்டி. பிராசஸர் முனை 4+4 ஆகப் பிரிவதால் என் பழைய போர்டின் 4 பின்னுக்கும் பொருந்தியது. மாட்டி மூன்று வாரம் ஆகிறது, மணிக்கணக்கில் கேம் ஓடியும் ஒரு முறைகூட அணையவில்லை. ஃபேன் சத்தம் கார்டின் இரைச்சலில் கேட்பதே இல்லை.

யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாதி லோடில் பிரான்ஸின் திறன் 85 சதவீதம் அளவு, அதனால் உள்ளே 260 போனால் சுவரிலிருந்து 300-க்கு மேல் இழுக்கும், மானிட்டர் தனி. 600 விஏ யூபிஎஸ் பொதுவாகத் தருவது 360 வாட்ஸ். கரண்ட் போனால் சேவ் செய்து மூட நேரம் கிடைக்கும், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

செகண்ட் ஹேண்ட் டெல் ஆப்டிபிளெக்ஸ் 7020, 9020 வைத்திருப்பவர்கள் இதை அப்படியே வாங்கி மாட்ட முடியாது. அவற்றின் போர்டில் வழக்கமான 24 பின் பவர் முனை கிடையாது, 8 பின்தான். அதற்கென்று தனி அடாப்டர் கேபிள் கிடைக்கிறது. ஸ்லிம் மாடல் என்றால் பெட்டிக்குள் இந்த அளவே நுழையாது.

சிஎக்ஸ்550-இல் வேண்டாத கேபிள்களைக் கழற்றி வைக்கும் வசதி கிடையாது, என் கேபினெட்டோ குட்டி. மிச்ச வயர்களை எல்லாம் டிஸ்க் வைக்கும் இடத்தில் திணித்திருக்கிறேன், பக்கவாட்டு மூடி இன்னும் ஒரு ஸ்க்ரூவில்தான் நிற்கிறது.