மண் குழியில் சுட்டால்தான் பான் கான்

வியட்நாமின் சைகோனில் பான் ஸேவ் என்ற தோசை தட்டுப்படாத தெரு குறைவு. மஞ்சள் கலந்த அரிசிமாவைச் சட்டியில் ஊற்றும்போது 'சொய்ங்' என்று வருமே, அந்தச் சத்தம்தான் அதற்குப் பெயர். நான் தேடியது அதை இல்லை, பான் கானை. ஃபான் ராங், ஞா ட்ராங் என்கிற கடலோர ஊர்ப் பக்கத்துப் பலகாரம், பார்த்தால் நம் குழிப்பணியாரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும்.

முதலில் போன கடையில் போர்டில் பான் கான் என்றுதான் போட்டிருந்தது, தட்டில் வந்ததோ பான் கொட்! அது வுங் தாவ் ஊர்ச் சரக்கு, தேங்காய்ப்பால் ஊற்றிய மாவை எண்ணெய் நிறையவிட்டு மொறுமொறுவென்று எடுப்பார்கள். ருசியில் குறை சொல்ல மாட்டேன், ஆனால் நான் கேட்டது அது இல்லையே. அடுத்து வீட்டுக்கே வரவழைத்துப் பார்த்தேன். டப்பாவுக்குள் ஆவியில் வியர்த்து, ஆறிய இட்லி மாதிரி வந்து சேர்ந்தது. சுட்ட கையோடு சாப்பிட வேண்டிய பண்டத்தை டப்பாவில் கேட்டது என் தப்பு.

மூன்றாவதாக, சைகோனிலேயே 'பின் தான்' என்கிற வட்டாரத்தில் ஒரு சந்துக்குள் கரிப்புகை வாசனை பிடித்துப் போய் உட்கார்ந்தேன். மண் அடுப்பு, மண் குழிகள், குழிக்கொரு குட்டி மூடி. எண்ணெயில் பொரிக்கிற வேலையே இல்லை. ஊறவைத்த அரிசியோடு பழைய சோறும் கொஞ்சம் சேர்த்து அரைத்த மாவாம் (நம் வீட்டு இட்லி மாவு ரகசியமேதான், புளிக்கவிடுவது மட்டும் கிடையாது). அடி லேசாகக் கருகி, நடுவில் பஞ்சு மாதிரி, மேலே முட்டை. இரண்டிரண்டாக ஒட்டித் தருகிறார்கள். மீன் குழம்புச் சாறு, வேர்க்கடலைச் சாறு, சீவிய மாங்காய் எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டு, அதில் முக்கித் தின்ன வேண்டும்.

கணவாய் வைத்தது மட்டும் ரப்பர், அதை விட்டுவிடுங்கள். முட்டை வைத்த பத்து 50,000 டோங். சைவக்காரர்கள் ஜாக்கிரதை, தொட்டுக்கொள்ளும் சாறு மீன், மேலே விடுகிற வெங்காயத்தாள் எண்ணெயும் சில கடைகளில் பன்றிக் கொழுப்பு.

நாற்பது நிமிடம் முக்காலியில் காத்திருந்தேன். அப்புறம், சீக்கிரம் போய்விடுங்கள், ஏழரைக்கெல்லாம் மாவுப் பானையைக் கவிழ்த்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் நின்றவர் எதிர்க்கடை நூடுல்ஸுக்குப் போனார்.