மாமரக் கிண்ணம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கைவினைக் கண்காட்சி ஒன்றில் மாமரத்தில் கடைந்த கிண்ணங்கள் ஒரு செட் வாங்கினேன். "நல்லா காய்ஞ்ச மரம்க்கா, ஆயுசுக்கும் உழைக்கும்" என்றார் விற்றவர். வெயில் காலம் தொடங்கியதும் பெரிய கிண்ணம் விளிம்பிலிருந்து அடிவரை பிளந்துவிட்டது. மற்றவை கோணிக்கொண்டு, மேசையில் வைத்தால் ஆடுகின்றன. போன் செய்தேன். "தண்ணியில ஊறப்போட்டிருப்பீங்க" என்றார். பழம் வைப்பதைத் தவிர அவற்றை எதற்கும் பயன்படுத்தவில்லை.

அவர் சொன்னது பொய். பிளக்காத கிண்ணத்தின் வாயை டேப் வைத்து அளந்தேன். நார் ஓடும் திசையில் ஒரு அளவு, குறுக்கே அதைவிடக் குறைவு. கடைசலில் வட்டமாகத்தான் வந்திருக்கும். மரம் நார் நீளத்தில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். ஆக, கடைந்த பிறகுதான் அது காய்ந்திருக்கிறது. பச்சை மரத்தை ஒரே மூச்சில் கடைந்து, வார்னிஷ் அடித்து விற்றிருக்கிறார்கள். பிளந்த கிண்ணத்தில் வார்னிஷைச் சுரண்டிப் பார்த்தபோது, மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த இன்னொரு கீறல் தெரிந்தது. தெரிந்தே விற்றிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பச்சை மரத்தில் கடைவது தப்பில்லை. முறையாகச் செய்பவர்கள் முதலில் தடிமனாகக் கடைவார்கள். 10 அங்குலக் கிண்ணம் என்றால் சுவர் 1 அங்குலம் இருக்கும். நார் முனை தெரியும் பக்கங்களில்தான் ஈரம் வேகமாக வெளியேறி வெடிப்பு விழும் என்பதால் அங்கே மெழுகு பூசி, காகிதப் பையில் போட்டு, காற்று நேரே படாத இடத்தில் வைப்பார்கள். அவ்வப்போது எடை போட்டு, எடை இறங்குவது நின்ற பிறகே மறுபடி கடைந்து வட்டமாக்குவார்கள். இதற்குப் பல மாதம் ஆகும். அந்தக் காத்திருப்பை மிச்சம் பிடித்துத்தான் என்னிடம் விற்றார்கள்.

ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் மரம் சுருங்கவே தொடங்கும். அதனால் கடையில் வட்டமாக இருப்பதை நம்ப வேண்டாம். அளவுக்கு மீறிக் கனமாகவோ, தொட்டால் சில்லென்றோ இருந்தால் வாங்காதீர்கள். மரத்தின் வளர்ச்சி வளையங்களின் நடுமையம் கிண்ணத்தின் அடியில் தெரிந்தாலும் வேண்டாம், பிளவு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். ஈரமானி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் சரி. தேங்காய் எண்ணெய் தடவினால் வெடிக்காது என்பார்கள். அது மரத்துக்குள் இருக்கும் ஈரத்தை ஒன்றும் செய்யாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை. இப்படி ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கிண்ணத்தை வெயிலிலும் ஏசிக்கு நேரேயும் வைக்காதீர்கள். காகிதப் பையில் கட்டி ஒரு மூலையில் மெதுவாகக் காயவிடுங்கள். கோணல் வரலாம், ஆனால் பிளக்காமல் தப்ப வாய்ப்பு உண்டு.