பாயின்டரை யார் டெலீட் செய்வது? ஸ்விக், பைபைண்ட்11, பூஸ்ட் பைதான்

சி++ லைப்ரரி ஒன்றைப் பைதானுக்குக் கொண்டுவர ஸ்விக், பைபைண்ட்11, பூஸ்ட் பைதான் ஆகிய கருவிகளில் எது நல்லது என்று கேட்டால், கம்பைல் ஆக எவ்வளவு நேரம், எத்தனை வரி எழுத வேண்டும் என்றுதான் பேச்சு போகும். நான் முதலில் பார்ப்பது வேறு. ஒரு ஃபங்ஷன் வெறும் பாயின்டரை, அதாவது ஒரு பொருள் இருக்கும் மெமரி முகவரியை மட்டும், திருப்பித் தருகிறது, நீங்கள் கூடுதலாக எதுவும் சொல்லவில்லை என்றால் அந்தப் பொருளை யார் டெலீட் செய்வது என்று அந்தக் கருவி தானாக என்ன முடிவெடுக்கிறது?

சீன் என்று ஒரு கிளாஸ், அதற்குள் கேமரா ஒரு மெம்பர். கெட்கேமரா என்ற ஃபங்ஷன் அந்த மெம்பரின் முகவரியைத் தருகிறது. மேக்கேமரா என்ற ஃபங்ஷன் நியூ போட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கித் தருகிறது. இரண்டும் திருப்பித் தருவது கேமரா பாயின்டர்தான், அதனால் டைப்பை மட்டும் பார்த்து எது யாருக்குச் சொந்தம் என்று எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. ஊகிக்க வேண்டும், இல்லையென்றால் நம்மைக் கேட்க வேண்டும்.

1996-லிருந்து புழக்கத்தில் இருக்கும் ஸ்விக், பாயின்டர் வந்தால் 'இது பைதானுடையது இல்லை' என்று எடுத்துக்கொள்கிறது. கெட்கேமராவுக்கு இது சரி. மேக்கேமரா தந்ததை யாரும் டெலீட் செய்ய மாட்டார்கள், அந்த மெமரி திரும்பவே வராது, அதாவது மெமரி லீக். ஸ்விக்குக்காக நாம் எழுதும் இன்டர்ஃபேஸ் ஃபைலில் நியூஆப்ஜெக்ட் என்று குறித்தால் சரியாகிவிடும். ஆனால் கெட்கேமராவிலும் ஒரு ஓட்டை உண்டு. பைதானில் சீன் போய்விட்டு கேமரா மட்டும் மிஞ்சினால், அது காட்டும் இடத்தில் எதுவும் இருக்காது, சீனைப் பிடித்து வைத்திருக்கும் வேலையை நாம்தான் எழுத வேண்டும்.

2015-ல் வந்த பைபைண்ட்11 இதற்கு நேர் எதிர். பாயின்டர் வந்தால் டேக் ஓனர்ஷிப், அதாவது இனி அதைப் பைதான்தான் டெலீட் செய்யும். மேக்கேமரா பிரமாதம். கெட்கேமராவோ, பைதான் வேரியபிள் மறையும் நேரத்தில் சீனின் வயிற்றுக்குள் இருக்கும் மெம்பரை டெலீட் செய்யப் பார்த்து, லினக்ஸில் பெரும்பாலும் 'ஃப்ரீ: இன்வேலிட் பாயின்டர்' என்று விழும். கெட்கேமராவை அழைத்த வரியில் விழாமல் எங்கோ பல வரி தள்ளி விழுவதால்தான் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிறது. ரெஃபரன்ஸ் இன்டர்னல் என்ற பாலிசியை (திருப்பித் தரும் பொருளை எப்படிக் கையாள்வது என்று நாம் எழுதும் குறிப்பு) கொடுத்தால் கேமரா இருக்கும்வரை சீனும் உயிரோடு இருக்கும், இது உண்மையிலேயே அருமையான ஏற்பாடு.

இதைவிட நான் பயப்படுவது சத்தமில்லாத காப்பிக்குத்தான். அதே ஃபங்ஷன் பாயின்டருக்குப் பதில் ரெஃபரன்ஸ் (அதே பொருளுக்கு இன்னொரு பெயர்) தந்தால், பைபைண்ட்11 பேசாமல் காப்பி எடுத்துக் கொடுத்துவிடும். கேமராவை வாங்கி ஃபோக்கஸை மாற்றுகிறீர்கள், எரர் இல்லை, கிராஷ் இல்லை, படம் மட்டும் மாறவில்லை. சி++-இன் லிஸ்ட்டான வெக்டரிலும் இதே கதை: அதைப் பைதான் லிஸ்ட்டாக மாற்றித் தரும் எஸ்டிஎல் ஹெடரைச் சேர்த்திருந்தால் மெம்பர் வெக்டரைத் தொடும் ஒவ்வொரு முறையும் புது லிஸ்ட் வரும், அதில் அப்பென்ட் செய்தது சி++ பக்கம் போய்ச் சேராது. வெக்டரை ஓபேக், அதாவது லிஸ்ட்டாக மாற்றாதே, என்று அறிவித்து பைண்ட் வெக்டர் எழுத வேண்டும். ஸ்விக்கில் இன்டர்ஃபேஸ் ஃபைலில் டெம்ப்ளேட் என்று குறித்த மெம்பர் வெக்டர் அசல் பொருளையே காட்டும், அப்பென்ட் வேலை செய்யும்.

பூஸ்ட் பைதான் ஊகிப்பதே இல்லை. பாலிசி சொல்லாமல் பாயின்டரையோ ரெஃபரன்ஸையோ திருப்பினால் கம்பைல் ஆகாது, பக்கம் பக்கமாக வரும் எரருக்கு நடுவில் 'ஸ்பெசிஃபை எ ரிடர்ன் வேல்யூ பாலிசி' என்று தொடங்கும் ஒரு டைப் பெயர் இருக்கும், அதுதான் உங்களுக்கான செய்தி. மேனேஜ் நியூ ஆப்ஜெக்ட்டா, ரிடர்ன் இன்டர்னல் ரெஃபரன்ஸா என்று எழுதிவிட்டுத்தான் நகர முடியும். பூஸ்ட்டை இழுத்துக்கொண்டு வருவது பெரிய சுமை, அதற்காகவே இன்று புதிய வேலைக்கு இதை எடுக்க மாட்டேன், ஆனால் மூன்றில் நேர்மையான நடத்தை இதுதான்.

சரி, எதை எடுப்பது? ஜாவா, சி ஷார்ப் என்று பல மொழிகளுக்கும் சேர்த்து வேண்டுமென்றால் ஸ்விக். பைதான் மட்டும் என்றால் பைபைண்ட்11, கூடவே பாயின்டரோ ரெஃபரன்ஸோ திருப்பும் எந்த ஃபங்ஷனையும் பாலிசி எழுதாமல் விடுவதில்லை என்ற கட்டுப்பாடு. 2022-ல் வந்த, பைபைண்ட்11 போன்ற நானோபைண்ட் என்ற கருவியும் இதே ஊகங்களைத்தான் செய்கிறது, அங்கும் இந்தக் கட்டுப்பாடு வேண்டும். சி++ பக்கம் உங்கள் கையில் இருந்தால் மேக்கேமராவை யூனிக் பாயின்டர் (ஒரே ஒருவருக்குச் சொந்தமான பாயின்டர்) திருப்பும்படி மாற்றிவிடுங்கள், டைப்பே உரிமையைச் சொல்லிவிடும். அப்புறம் ஒவ்வொரு கெட்டருக்கும் ஒரு டெஸ்ட்: கேமராவை வாங்கி, சீனை டெல் செய்து, பைதானில் பயன்படாத பொருட்களை அகற்றும் ஜிசி கலெக்ட்டை ஓட்டி, கேமராவின் ஒரு மதிப்பைப் படியுங்கள். இதைத் தவறான மெமரி பயன்பாட்டைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டினால், வழக்கமாக ஓடும்போது தற்செயலாகச் சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருந்த செத்த பாயின்டரும் பிடிபடும்.