விசுவமட்டில் ஆள் மாறிப் போன பொதி

இந்த முறை ஊருக்குப் போய் வந்ததில் எழுதுவதற்கு வேறு பல விடயங்கள் இருக்கின்றன. ஆனாலும் அப்பாவுக்காக இணையத்தில் வாங்கிய காற்று மெத்தை வேறொருவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு வன்னியில் உள்ள பெற்றோருக்குப் பொருள் வாங்கி அனுப்பும் எவருக்கும் நாளைக்கு இதுவே நடக்கலாம்.

அப்பா பாரிசவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கியிருந்ததைக் கண்ட தாதி, காற்றறைகள் மாறி மாறி ஊதி வற்றும் மெத்தை ஒன்றை உடனே வாங்கச் சொன்னார். கிளிநொச்சியில் நாங்கள் விசாரித்த கடைகளில் அது கைவசம் இருக்கவில்லை. இணைய விற்பனைத் தளம் ஒன்றில் அதே மெத்தை பம்புடன் சேர்த்துக் கிடைத்ததால், அம்மாவின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் விசுவமடு முகவரியையும் கொடுத்து, என் லண்டன் வங்கி அட்டையில் முழுப் பணத்தையும் அப்போதே செலுத்திவிட்டேன்.

பொதி வருவதாகச் சொல்லியிருந்த நாளில் படலை திறந்தே கிடந்தது; அம்மா விறாந்தையை விட்டு அசையவில்லை. ஒருவரும் வரவில்லை. பின்னேரம் அம்மாவின் தொலைபேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாததால், அது ஏதோ விளம்பரம் என்று எண்ணி இரவுதான் என்னிடம் காட்டினார். பொதி ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்று அதில் இருந்தது. தளத்தில் போய்ப் பார்த்தால், பெற்றவர் பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர், முதலெழுத்து உட்பட, பிழையில்லாமல் இருந்தது. அதன் கீழே விரலால் கீறிய ஒரு கோடு கையொப்பமாகக் கிடந்தது. என் அம்மா ஆசிரியராக இருந்தவர், அச்சுப் போலக் கையெழுத்து வைப்பவர். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "இது நான் வைச்சதில்லைத் தம்பி" என்று அவர் சொன்னபோது குரலில் ஒரு பயம் இருந்தது. யாரோ தன் பெயரில் பொய் சொல்லிவிட்டார்கள் என்ற பயம் அது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை மிகவும் வருத்தியது. விற்பனைத் தளத்தின் இலக்கத்தை அழைத்துத் தமிழுக்குரிய எண்ணை அழுத்தினால், நெடுநேரக் காத்திருப்புக்குப் பிறகு தமிழ் தெரியாத ஒருவர் பேசினார். பொதியைக் கூரியர் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டோம், அவர்களைக் கேளுங்கள் என்றார். கூரியர்க்காரர்களைக் கேட்டால், அனுப்பியவர்தான் முறைப்பாடு தர வேண்டும் என்றார்கள். கிளிநொச்சியில் உள்ள அவர்களுடைய கிளைக்கு நேரிலே போனேன். அங்கே இருந்த பொடியன் நல்லவன், ஆனால் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, "அண்ணை, சிஸ்டத்தில குடுத்ததெண்டு கிடக்கு. நாங்கள் இதுக்கு மேல என்ன செய்யிறது?" என்றான். வீட்டில் நானும் அம்மாவும் இரவு பகலாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அப்பாவைப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தோம். மெத்தை கிடைக்கவில்லை என்று அம்மா சொல்லும் வார்த்தைக்கு, அந்தத் திரையில் கிடந்த கோட்டுக்கு உள்ள மதிப்புக்கூட இல்லாமல் போனதை என்னால் தாங்க முடியவில்லை.

பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, பொருள் வாங்கியவரின் கைக்கோ அவர் குறிப்பிட்டவரின் கைக்கோ போய்ச் சேரும்வரை அதற்கு விற்றவரே பொறுப்பு. கூரியர்க்காரரை நாம் தேடிப் போக வேண்டியதில்லை; விற்றவரிடம் வரவில்லை என்று சொன்னால், அதைத் தேடுவது அவர் வேலை. அங்கேயும் பொதிகள் மாறிப் போகின்றனதான். ஆனால் ஓர் அஞ்சல் குறியீடு சராசரியாகப் பதினைந்து முகவரிகளை மட்டுமே குறிப்பதால், மாறிப் போன பொதி பெரும்பாலும் அதே தெருவில்தான் இருக்கும்.

விசுவமட்டில் முகவரி என்பது வேறு. வீட்டிலக்கம் இல்லை, ஒழுங்கைக்குப் பெயர் இருந்தாலும் பலகை இல்லை. கோவிலடி, பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம், வாய்க்கால் தாண்டி மூன்றாவது வீடு என்பதுதான் முகவரி. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் தருமபுரத்தைக் கடந்ததும் விசுவமடு வந்துவிடும். தருமபுரம் கிளிநொச்சி மாவட்டம், விசுவமடு முல்லைத்தீவு மாவட்டம். வீதியில் போகிறவனுக்கு இந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது. தளத்தின் ஊர்ப் பட்டியலிலோ விசுவமடு தனியாக இல்லை. கிட்டிய ஊரைத் தெரிவுசெய்துவிட்டு மிச்சத்தைக் குறிப்பாக எழுத வேண்டியிருந்தது. அந்தக் குறிப்பைப் பொதியில் ஒட்டிய தாளில் பாதியிலேயே வெட்டியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

எங்கள் பழைய தபாற்காரருக்கு இந்தக் குறிப்பே தேவைப்பட்டிராது. ஒரே பெயரில் ஐந்து பேர் இருந்தாலும், யாருடைய பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறது, யாருக்கு எந்த முத்திரை ஒட்டிய கடிதம் வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வீட்டில் ஆள் இல்லையென்றால் சந்திக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். அது ஒரு நாளும் ஆள் மாறியதில்லை. அந்த அறிவில் ஒரு துளியாவது இன்றைய சேவைக்குள் வர வேண்டும்.

கடைசியில் பொதியைக் கண்டுபிடித்துத் தந்ததும் ஒரு சந்திக் கடைதான். நடந்ததைக் கேட்ட கடைக்காரர் தருமபுரத்தில் தனக்குத் தெரிந்த இன்னொரு கடைக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கிருந்தவர், பெரிய பெட்டியைக் கட்டிக்கொண்டு கூரியர் மோட்டார் சைக்கிள் ஒன்று எந்த ஒழுங்கைக்குள் திரும்பியது என்பதைச் சொல்லிவிட்டார். ஒரு தேநீர் குடித்து முடிவதற்குள் எங்களுக்கு வீடு தெரிந்துவிட்டது.

அந்த வீட்டில் என் அம்மாவின் பெயரையும் முதலெழுத்தையும் கொண்ட இன்னோர் அம்மா தனியே இருக்கிறார். மகன் பிரான்சில். பெட்டி சாமிப்படத்துக்கு முன்னால் ஒரு கதிரையில், மூலையில் சந்தனப் பொட்டோடு, பிரிக்கப்படாமல் இருந்தது. மகன் ஞாயிற்றுக்கிழமைதான் கதைப்பானாம். அவனைக் கேட்காமல் பிரிக்கக்கூடாது என்று வைத்திருக்கிறார். கூரியர்ப் பொடியன் பெயரைச் சொல்லி நீங்கள்தானே என்று கேட்டானாம், ஓம் என்றிருக்கிறார். வெளிநாட்டில் இருந்து காசு கட்டியிருக்கிறது, நீங்கள் ஒன்றும் தரத் தேவையில்லை என்றானாம். அதற்கும் ஓம் என்றிருக்கிறார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வன்னியில் எத்தனை வீட்டுப் படலையில் நின்று அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டாலும் ஓம் என்ற பதில்தான் வரும்! அம்மாவின் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு எடுத்திருந்தால் எல்லாம் அங்கேயே தீர்ந்திருக்கும்; அப்படி ஓர் அழைப்பு வந்ததற்கு அதில் தடயமே இல்லை.

பொதி உங்களுடையது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னுடன் வந்த சித்தப்பாதான் சொன்னார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் சேலைத் தலைப்பால் பெட்டியின் தூசியைத் துடைத்து என் கையில் தந்தார். பிறகு, "அப்பாவுக்கு வருத்தம் கூடவே மகன்?" என்று கேட்டுவிட்டுப் பிளேன்ரீ போட அடுப்படிக்குப் போனார். இந்தப் பிழையால் எங்களுக்கு ஏற்பட்ட நட்டம் மெத்தை வந்ததும் தீர்ந்தது. அவருக்கு ஏற்பட்டதை எந்த நிறுவனமும் எந்த ஏட்டிலும் பதியப் போவதில்லை.

இதில் எனக்கு நன்றாக விளங்கிய ஒன்று உண்டு. பொருளைக் கையில் வாங்கும்போது காசு கொடுக்கும் முறையைப் பழைய பழக்கம் என்று நாங்கள் வெளிநாட்டிலிருந்து நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அங்கே அந்தக் காசுதான் ஆளை அடையாளம் காட்டுகிறது; தனக்கு வராத பொருளுக்கு ஒருவரும் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்க மாட்டார். முன்கூட்டியே முழுப் பணமும் கட்டிய பொதிக்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே அத்தகைய பொதிகளுக்காவது தேசிய அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். பெயரும் முதலெழுத்தும் ஒத்துப்போகலாம்; பழைய அட்டையானாலும் பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டையானாலும், அதன் எண் இரண்டு பேருக்கு ஒன்றாக வராது. பொருளைப் பதியும்போதே அந்த எண்ணைக் கேட்டு வாங்கலாம்.

பொதி வீட்டுக்கு வந்து, அப்பாவின் புண் ஆறத் தொடங்கிய பிறகு, தளத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பொருள் கிடைத்துவிட்டதால் முறைப்பாடு முடிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். யாரிடம் கொடுத்தார்கள், ஏன் அழைக்கவில்லை என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் எழுத்து மூலம் முறைப்பாடு செய்யலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். அம்மாவின் பெயரில் கடிதத்தைத் தமிழிலேயே எழுதினேன். நட்டஈடு கேட்கவில்லை. அடையாள அட்டை பார்க்க வேண்டும், வாங்குபவருக்கு விளங்கும் மொழியில் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும், விற்றவரே பொதியைத் தேடித் தர வேண்டும் என்ற மூன்றையும்தான் கேட்டிருக்கிறேன். அம்மா அதை இரண்டு தடவை வாசித்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு, கீழே தன் கையொப்பத்தை வைத்தார். நான் விமானம் ஏறுவதற்கு முன் அதைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.